அத்தையும் அடுப்பும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். "டீச்சர், புது வீடு முடியப் போவுது. அடுப்படியில ஹாப் போடறதா, இண்டக்‌ஷன் போடறதான்னு வீட்ல தினம் பஞ்சாயத்து. உங்க வீட்ல என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவளுக்குச் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பீரியட் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமியாரை உங்களில் பலருக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்குத் தூக்குவாளி நிறைய அதிரசம் அனுப்பியவர். இப்போது அவருக்கு 87 வயது. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் மண் அடுப்பு, பக்கத்திலேயே கொடியடுப்பு, மூலையில் ஒரு உமி அடுப்பு. அரவை மில்லிலிருந்து உமி வாங்கி வந்து, நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் இடித்து இறுக்கி, கட்டையை மெல்ல உருவி எடுப்பார் அத்தை. அந்தத் துளை வழியாக நெருப்பு ஏறி வரும். விடியற்காலை 4 மணிக்கு அதை மூட்டினால்தான் 7.40 பஸ்ஸுக்கு என் டிபன் பாக்ஸ் தயாராகும். பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ், 1991-இல் கேஸ். அடுப்பு மாறியதே தவிர, அடுப்புக்கு முன்னால் நின்ற ஆள் மாறவில்லை. 34 வருட வேலையில் சமையலால் ஒரு நாள்கூட நான் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை. அதற்குக் காரணம் அத்தை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மார்கழிக் காலை. நான் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் கூடத்திலேயே கேஸ் வாடை. அடுப்படியில் பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருக்கிறது. திருகு திறந்தபடி இருக்கிறது. பனிக்காக ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தோம். அத்தை அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

விளக்குப் போடக் கை சுவிட்ச் வரை போய்விட்டது. நல்லவேளை, சட்டென்று இழுத்துக்கொண்டேன். திருகையும் ரெகுலேட்டரையும் மூடி, அத்தையைக் கைப்பிடித்து வெளியே கூட்டி வந்து, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் என் கால் நடுங்கியது. "வாடை வரலையா அத்தே?" என்றேன். "என்ன வாடை? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் வயதானால் கண், காது போல மூக்கும் மங்கும். அந்த எச்சரிக்கை மணி அத்தைக்குக் கேட்கவே கேட்காது. இன்னொன்று, இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையோடு தரையாகத் தேங்கும். மேலே இருக்கும் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, கதவைத் திறக்கவேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டு.

சாயங்காலம் குடும்ப வாட்ஸப் குழுவில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. "பாட்டியை இனிமே அடுப்படிக்கே விடாதீங்கம்மா" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். நாலு நாளில் இண்டக்‌ஷன் அடுப்பு வீடு தேடி வந்துவிட்டது.

இண்டக்‌ஷன் நல்ல சாதனம்தான். கண்ணாடித் தட்டுக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடி, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பாத்திரத்தின் அடிப்பாகத்திலேயே மின்சாரம் சுழன்று அதுவே சூடாகிறது. நெருப்பு கிடையாது, கசிவு கிடையாது. பாத்திரத்தை எடுத்துவிட்டால் சூடேற்றுவதும் நின்றுவிடும்.

ஆனால் பாத்திரம் காந்தத்தில் ஒட்டவேண்டும். பள்ளியிலிருந்து வந்த பழைய சட்டக் காந்தம் ஒன்று என் மேசையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு எங்கள் பாத்திர அலமாரிக்கு ஒரு பரீட்சை வைத்தேன். 14 பாத்திரத்தில் பாஸானது 3. அலுமினியக் குக்கர் பெயில், வெண்கல உருளி பெயில், மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி பெயில். இரும்புத் தோசைக்கல் மட்டும் முதல் வகுப்பு. அத்தையின் இருப்புச்சட்டி காந்தத்தில் நன்றாகவே ஒட்டியது. ஆனால் அடி உருண்டை, கண்ணாடித் தட்டில் உட்காராது.

பிறகு நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்கிறேன். அது 2000 வாட் அடுப்பு. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. எங்கள் பழைய வயரிங்கில் அடுப்படியில் இருந்தது 5 ஆம்ப் சின்ன பிளக் பாயின்ட். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. அதைப் போட்டுப் பார்க்காமல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து ஓட்டினேன். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை, பாக்ஸ் பழுப்பாகிவிட்டது. கேஸுக்குப் பயந்து கரண்ட்டில் விழப் பார்த்தோம். எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி லைன் இழுத்து, 16 ஆம்ப் பவர் பிளக் போட்ட பிறகே நிம்மதி.

உண்மையான சிக்கல் இது எதுவுமில்லை. அந்தத் தொடு பட்டன், 87 வருடம் உழைத்துக் காய்ந்த விரலை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. அத்தை அழுத்துவார், அது பேசாமல் இருக்கும். பலமாக அழுத்துவார், அது கீச் கீச்சென்று கத்தும். "நெருப்பு இருக்கா இல்லியான்னே தெரியல. இது என்ன சமையலு?" என்றார். ஒரு வாரத்தில் அடுப்படிக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

எல்லோருக்கும் நிம்மதி. பாட்டி பத்திரமாக இருக்கிறார் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினேன். ஆனால் 4 மணிக்கு எழுந்து பழகிய மனுஷி, எழுந்து கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். சாப்பாடு குறைந்தது. சாம்பாரில் உப்பு கூடினால்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் என் கணவர், "என்னம்மா பேசாமயே இருக்கே?" என்று கேட்டதற்கு, "விருந்தாளி வீட்ல என்னத்தப் பேசுறது" என்றார். அவர் மாமியாரிடமிருந்து வாங்கிக்கொண்ட அடுப்படி அது. அதில் அவரை நான் விருந்தாளியாக்கிவிட்டேன்.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போனேன். எங்கள் ஊரில் அடுப்புக் கடை வைத்திருப்பவர் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். "டீச்சர், யாருக்கு அடுப்பு? சமைக்கறவங்க வந்து பாத்தாதான் நல்லது" என்றார். வாத்தியாருக்கே பாடம். அடுத்த நாள் அத்தையை ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

முதலில் இன்ஃப்ராரெட் அடுப்பைக் காட்டினார். உள்ளே கம்பிச் சுருள் சிவக்கும், அடி தட்டையான எந்தப் பாத்திரமும் வைக்கலாம். நெருப்பு மாதிரி சிவப்பாகத் தெரிந்ததால் அத்தைக்குப் பிடித்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் சுடும். சிவப்பு மறைந்ததும் ஆறிவிட்டது என்று நினைத்துக் கை வைத்துவிடுவார்.

அடுத்து ஹாப். கிரானைட் மேடையை வெட்டி உள்ளே இறக்குகிற கேஸ் அடுப்பு. பார்க்க அழகு, துடைக்கச் சுலபம். ஆனால் மேடையை வெட்டினால் திரும்ப ஒட்டமுடியாது. புது வீடு கட்டுகிறவர்கள் முதலிலேயே அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். எங்களுக்கு வேண்டாம் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு சாதாரண இரண்டு பர்னர் அடுப்பு. அதில் தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு வால்வு இருந்தது. ஒவ்வொரு பர்னர் ஓரத்திலும் பென்சில் முனை போல ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. அது தெர்மோகப்பிள். இருவேறு உலோகங்களை இணைத்துச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். அந்த மின்சாரம் ஒரு குட்டி மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. தீ அணைந்தால் கம்பி ஆறும், மின்சாரம் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும். பேட்டரிகூடத் தேவையில்லை.

கடைக்காரர் பற்றவைத்து, ஊதி அணைத்தார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அந்த 'டக்' கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பற்றவைக்கும்போது திருகைச் சில நொடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். கம்பி சூடாகிற வரை. முதல் மாடலில் அத்தையின் கட்டைவிரல் வலிக்கிறது என்றார். இரண்டாவதும் சரிப்படவில்லை. மூன்றாவது இலகுவாக இருந்தது. "இது போதும். இதுக்குக் கோவம் கம்மி" என்று அவரே தேர்ந்தெடுத்தார். கண்ணாடி மேற்புறத்தைவிட எவர்சில்வர்தான் நல்லது, கனமான சட்டியை 'ணங்'கென்று வைத்தாலும் தாங்கும் என்பதும் அவர் தீர்ப்பு.

இந்த வால்வு எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதையும் சொல்லவேண்டும். தீ எரிந்துகொண்டே இருந்து குழம்பு வற்றித் தீய்ந்தால் அதற்குத் தெரியாது. அதனால் வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் அத்தை சமைப்பார். நாங்கள் வெளியே போனால் ரெகுலேட்டரை மூடிவிடுவோம். பால் காய்ச்சுவதும் வெந்நீரும் இண்டக்‌ஷனில், அது என் பொறுப்பு. கேஸ் கசிவு அலாரம் ஒன்றும் வாங்கி, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டியிருக்கிறோம். கனமான வாயு கீழேதானே தேங்கும்.

செலவுக் கணக்கு கேட்பீர்கள். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தருகிற வெப்பத்தை இண்டக்‌ஷனில் பெற ஏறத்தாழ 140 யூனிட் கரண்ட் வேண்டும். உங்கள் ஊர்ச் சிலிண்டர் விலையை 140-ஆல் வகுத்துப் பாருங்கள். 850 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 6 ரூபாய் சொச்சம். உங்கள் கரண்ட் பில்லில் கடைசிப் படியின் விலை அதைவிடக் குறைவாக இருந்தால் இண்டக்‌ஷன் லாபம், கூடினால் கேஸ் லாபம். நம் மாநிலத்தில் இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் ஏறிவிடும், மறக்கவேண்டாம்.

ஓவன் பற்றியும் ஒரு வரி. மைக்ரோவேவ் உணவில் உள்ள நீரைச் சூடாக்கும், அதனால் மீந்ததைச் சுடவைக்க நல்லது. கேக், பிஸ்கட் சிவந்து வரவேண்டுமென்றால் ஓடிஜி அல்லது கன்வெக்‌ஷன் உள்ள மாடல் வேண்டும். எதுவானாலும் பவர் பிளக் அவசியம். பேத்தி விடுமுறைக்கு வரும்போது மட்டும் கேக் செய்கிற எங்கள் வீட்டுக்கு, குக்கரில் மணல் போட்டுச் செய்வதே போதுமென்று விட்டுவிட்டோம்.

என் மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். "எந்த அடுப்பு நல்ல அடுப்புன்னு கேக்காதே. உங்க வீட்ல அதுக்கு முன்னால நிக்கப் போறது யாரு, அவங்க கை, கண்ணு, மூக்கு எப்படி இருக்குன்னு பாரு." அவளுடைய மாமியாரும் கூட இருக்கிறாராம். பேஸ்மேக்கர் வைத்தவராம். அப்படியானால் இண்டக்‌ஷன் வாங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள் என்றேன். அவள் அதை யோசிக்கவே இல்லையாம்.

அத்தையின் மறதி குறையவில்லை, கூடித்தான் வருகிறது. இந்த அடுப்பையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டிய நாள் ஒன்று வரும், எனக்குத் தெரியும். ஆனால் அது இன்றைக்கு இல்லை. இன்று காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து 'டக்' என்று சத்தம். கஞ்சி பொங்கி அணைந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

"டீச்சரம்மா, உன் அடுப்பு கோச்சுக்கிட்டுப் போயிடுச்சு. வந்து சமாதானம் பண்ணு."

சமாதானம் பண்ணிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகளே, வீட்டில் பெரியவர்கள் சமைக்கிறார்கள் என்றால் இன்றைக்கே ஒருமுறை அடுப்படிக்குள் போய்ப் பாருங்கள். கேஸ் டியூபில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் இருக்கும். ஐந்து வருடமாகிவிட்டால் மாற்றுங்கள். கசிவு என்றால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பெரியவர்களை "நீ இங்கே வராதே" என்று சொல்வதற்கு முன், அவர்கள் தொடர்ந்து நிற்க என்ன வழி என்று ஒரு வாரமாவது யோசியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்