குட்டி நாய்க்குக் கடிக்க என்ன குடுக்கறது?

மக்காச்சோளத்தை நாம தின்னுட்டுக் கட்டையை நாய்க்குத் தூக்கிப் போடுற வழக்கம் இருக்கு. போடாதீங்க. அந்தக் கட்டையும் சரி, மாங்கொட்டையும் சரி, நாய் வயித்துல செரிக்காது. குடலை அடைச்சா ஆபரேஷன்தான். அஞ்சு கிலோ நாய்க்குக் குடல் எம்மாம் பெருசு இருக்கும், நீங்களே சொல்லுங்க.

வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியா உடையும். பூந்தமல்லியில பிரியாணிக் கடை வாசல்ல தெருநாய் தின்னுதேன்னு கேப்பீங்க. தின்னுட்டுச் செத்ததை யாரு கணக்கெடுத்தா?

அம்பத்தூர்ல தம்பி மக பொமரேனியன் வளக்குறா. "பெரியப்பா, கடையில தோல் எலும்பு விக்குது, வாங்கவா?"ன்னா. மாட்டுத்தோலை முறுக்கிச் செய்யறது அது. எச்சில்ல ஊறி வழுவழுன்னு ஆனதும் துண்டா முழுங்கிடும், தொண்டையில சிக்கும். வேணாம்மான்னேன். மாட்டுக்கொம்பு, குளம்பும் வேணாம், பல்லு பிளந்துடும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினா கொஞ்சமாவது பதியணும், அதுதான் அளவு.

தடியான பச்சைக் கேரட்டை நீ கையில பிடிச்சுக்கிட்டுக் கடிக்க விடு. இல்லன்னா வாய்க்குள்ள முழுசா போகாத, அமுங்குற ரப்பர் பொம்மை. கடிச்சுச் சின்னதாயிட்டா பிடுங்கிடு. வாந்தி எடுத்து, சோறு தின்னாம சுருண்டு படுத்தா விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்காதே. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டுப் போ. 1903-ல ஆரம்பிச்ச காலேஜ் அது. என்ன தின்னுச்சுன்னு மறைக்காம சொல்லு.