செம்பிக்குச் சோடி பார்த்த நாட்கள்

ஜனவரி 14

விடிய ஐந்தரைக்கு நானும் எங்கள் பெட்டை நாய் செம்பியும் மரைன் டிரைவில் நடந்துவிட்டு வந்தோம். நனைந்திருந்த அவள் உடம்பு மயிர் வந்த வழியிலேயே காய்ந்துவிட்டது. காதுகள் மட்டும் காயவில்லை. கொக்கர் ஸ்பானியலின் காது நீண்டு தொங்கி, உள்ளேயும் மயிர் அடர்ந்து, துவாரத்தை மூடிக்கொண்டு கிடக்கும். வெள்ளவத்தைப் புழுக்கத்தில் அதற்குள் ஈரம் தங்கினால் இரண்டு மூன்று நாளில் புளித்த மா மணம் வரும். அது பங்கசு பிடித்ததற்கு அடையாளம். போன வருடம் நான் கவனிக்காமல் விட்டதில், செம்பி தலையைச் சாய்த்தபடி இரவிரவாக அழுதாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது சாப்பாடு வைக்கும்போது இரண்டு காதையும் மகளின் பழைய தலைப்பட்டியால் பின்னுக்குக் கட்டிவிடுகிறேன். ஞாயிறுதோறும் மிருக வைத்தியர் தந்த மருந்தால் துடைத்து, உள்மயிரை ஒட்ட வெட்டுகிறேன்.

மூன்றாம் மாடியில் இந்தச் சாதி நாயை வைத்திருக்கலாமா என்று கீழ்வீட்டு மாமி கேட்டார். வைத்திருக்கலாம், ஆனால் நேரம் வேண்டும் என்றேன். பற்றைக்குள் பதுங்கும் வுட்கொக் என்ற பறவையைக் கிளப்புவதற்காக இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த சாதி இது. கொக்கர் என்ற பெயரே அந்தப் பறவையால் வந்தது. ஒருநாள் நடை தவறினால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

பெப்ரவரி 4

செம்பிக்குச் சோடி பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் என் கணவருடைய நண்பர் வீடு. அவருடைய கடுவனுக்கு நான்கு வயது, செம்பியைப் போலவே பொன்னிறம். கண்காட்சிகளில் வென்ற கிண்ணங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன.

"தங்கச்சி, காசு ஒண்டும் வேண்டாம். குட்டியளிலை முதல் தெரிவு மட்டும் எனக்குத் தாங்கோ" என்றார் அந்த அண்ணா.

செம்பிக்கு இரண்டரை வயது. அடுத்த பருவத்தில் சேர்த்தால் ஏறத்தாழ 63 நாளில் குட்டிகள். மகள் இப்போதே பெயர் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

பொழுது மங்கும் நேரம் கடுவனின் தகப்பன் விறாந்தைக்கு வந்தது. எட்டு வயது. தண்ணீர்ச் சட்டியில் முட்டியது. படி விளிம்பை முன்னங்காலால் தடவித் தேடியது. "வயது போட்டுது, கண்புரையாக்கும். பகலிலை நல்லாத்தான் நடக்கிறான்" என்றார் அண்ணா. பகலில் நடந்து இருட்டில் முட்டுகிறது என்றதும் என் நெஞ்சு திக்கென்றது.

"அண்ணை, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோ."

பெப்ரவரி 11

அண்ணா வைத்தியரிடம் காட்டியிருக்கிறார். புரையைவிட விழித்திரையில்தான் சந்தேகமாம். கொக்கர்களுக்கு வழிவழியாக வரும் நோய் ஒன்றில் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பகல் பார்வையும் போகும். மருந்து இல்லை. இதற்குக் காரணமான மரபணுப் பழுதை 2006இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியதால் வரும் பழுது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குட்டி குருடாகும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அந்த நாய் இந்த நோயால் குருடாகாது, ஆனால் பழுதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். நோய் வெளியே தெரிய வருவதற்குள் பல கடுவன்கள் தகப்பனாகிவிடுகின்றன.

அந்த வீட்டுத் தகப்பன் நாய்க்கும் செம்பிக்கும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, இரண்டு மாதிரிகளையும் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம்.

மார்ச் 17

நாய்க் கண்காட்சி. நேற்று முழுவதும் குளிப்பாட்டி, சீவி, பாத மயிரை வட்டமாக வெட்டினேன். நடுவர் பல்லைப் பார்த்தார், தோளைத் தடவினார், ஓடவிட்டுப் பார்த்தார். பெட்டைக்கு உயரம் 38 முதல் 39 சென்டிமீற்றர் இருக்க வேண்டும். செம்பி சரியாக இருந்தாள். இரண்டாமிடம். மகள் துள்ளினாள். எனக்கும் பெருமைதான். வளர்ப்பவரின் கண்ணுக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. எச். எஸ். லொயிட் என்ற இங்கிலாந்துக்காரர் தன் கொக்கர்களைக் கொண்டு 1930 முதல் 1950 வரை ஆறு முறை கிரஃப்ட்ஸ் கண்காட்சியின் தலைப் பரிசை வென்றார். தேர்ந்தெடுத்துச் சேர்த்ததன் பலன் அது. ஆனால் வட்டத்துக்குள் நிற்கும் சில நிமிடங்களில் எந்த நடுவராலும் மரபணுவைப் பார்க்க முடியாது. இலங்கை கெனல் சங்கத்தில் பதிந்த பரம்பரைச் சான்றிதழும் பாட்டன் பூட்டன் பெயரைத்தான் சொல்லும்.

ஏப்ரல் 22

முடிவு வந்தது. அந்தத் தகப்பனுக்கு இரட்டைப் பழுது. அப்படியானால் மகனிடம் ஒரு பழுதாவது கட்டாயம் இருக்கும், அதை அறியச் சோதனையே தேவையில்லை. செம்பியிடமும் ஒன்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு குருடாகும் வாய்ப்பு.

மகள் அழுதாள். பழுதே இல்லாத கடுவனோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் இந்த நோய் வராது, ஏறத்தாழப் பாதிக் குட்டிகள் செம்பியைப் போல இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்படி ஒரு கடுவன் கிடைக்கும்வரை செம்பி எங்களோடு சும்மா இருக்கட்டும்.

இரவு அண்ணா தொலைபேசியில் கூப்பிட்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இனி சோதிக்காத பெட்டையோடை இவனைச் சேர்க்கமாட்டன், தங்கச்சி. முந்திக் குட்டி வாங்கிப்போன ஆக்களுக்கும் சொல்லப்போறன்" என்றார்.

இதை வாசிக்கிறவர்களில் யாராவது ஸ்பானியல் குட்டி வாங்கப் போவதாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் தாய், தகப்பன் இரண்டினதும் கண் நோய்க்கான மரபணுச் சோதனைத் தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள்.