கடைமடைக்கு ஒரு ரூட்டர்

வைஃபை வீக்கா இருக்குன்னு யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு யோசனை வரும். ஒண்ணு, "பிளானை 50-ல இருந்து 200-க்கு மாத்துங்க". இன்னொண்ணு, "நாலு ஆன்டெனா வச்ச ரூட்டர் வாங்குங்க". திருநெல்வேலி டவுண்ல இருக்கிற பழைய வீடுகளுக்கு இந்த ரெண்டும் பெருசா பிரயோஜனப்படாது. ஏன்னு சொல்றேன்.

டவுண் வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். தெருவுல நின்னு பார்த்தா பதினைஞ்சு அடி அகலம்தான் இருக்கும். உள்ளே போனா போய்க்கிட்டே இருக்கும். தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுப்படி, அப்புறம் புறவாசல்... ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு. எங்க வீடு முன்வாசல்ல இருந்து புறவாசல் வரைக்கும் தொண்ணூறு அடி. நடுவுல நாலு குறுக்குச் சுவர். ஒவ்வொண்ணும் செங்கலும் சுண்ணாம்பும் வச்சு ஒன்றரை அடி கனத்துக்குக் கட்டினது. சித்திரை வெயிலே அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே வராது. வைஃபை எங்க வரப் போகுது? :-)

ஃபைபர் போட வர்ற பையன் தெருக் கம்பத்துல இருந்து வயரை இழுத்து, ஜன்னல் வழியா உள்ளே விட்டு, தார்சா சுவர்ல ஆணி அடிச்சு ரூட்டரை மாட்டிட்டுப் போயிடுவான். எங்க தெருவுல எல்லா வீட்லயும் இதே கதைதான்.

வயல் வச்சிருக்கிறவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். தாமிரபரணியில எட்டு அணைக்கட்டு இருக்கு. கோடைமேலழகியான்ல ஆரம்பிச்சு ஸ்ரீவைகுண்டத்துல முடியும். அந்தக் கால்கள்ல எல்லாம் தலைமடைக்காரன் வயல் முதல்ல நிறையும், கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பான். அணையில ரெண்டு அடி கூடுதலா தண்ணி நின்னாலும், கால் தூர்ந்து கிடந்தா கடைமடைக்கு வந்து சேராது. பிளானை 200-க்கு மாத்துறதும் அப்படித்தான். தார்சாவுல 200 வரும். அடுப்படியில அதே ஒத்தைக் கோடு.

எங்க வீட்டுக் கடைமடை அம்மா.

அக்கா சிட்னியில இருக்கா. வேலை முடிஞ்சு சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டா இங்க பன்னிரண்டரை. அங்க குளிர்காலம்னா ஒண்ணரை. அம்மா அடுப்படியில நிக்கிற நேரம். செல்போன் டேட்டாவும் அந்தச் சுவருக்குள்ள நொண்டும். அதனால வீடியோ கால் பேசணும்னா போனைத் தூக்கிட்டு தார்சாவுக்கு வரணும். அங்க அப்பா இருப்பாங்க, பேப்பர் படிக்க வந்த சித்தப்பா இருப்பாங்க, தெருவுல போற வர்றவங்களும் எட்டிப் பார்த்து "யாரு, மவளா?"ன்னு கேட்பாங்க. இத்தனை பேர் நடுவுல "சாப்ட்டியா, பிள்ள பள்ளிக்கூடம் போறானா"ங்கிறதுக்கு மேல என்ன பேச முடியும்? அக்காவுக்கு அந்த வருஷம் உடம்பும் சரியில்ல, மனசும் சரியில்ல. அம்மாகிட்ட மட்டும் சொல்ற விஷயங்கள் இருந்தது. ரெண்டு பேரும் மாசக்கணக்கா "நல்லாருக்கேன்"னு மட்டும் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

இதுல ஒரு வேடிக்கை. இன்னைக்கு வைஃபை ஓடுறதுக்குக் காரணமான முக்கியமான கண்டுபிடிப்பு ஒண்ணு அதே சிட்னியில நடந்தது. ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்துல ஜான் ஓ'சல்லிவனும் அவர் கூட்டாளிகளும் 1990-கள்ல செஞ்சது. ரேடியோ அலை சுவர்ல பட்டு எதிரொலிச்சு, ஒரே சேதி நாலு தடவை முன்னப்பின்ன வந்து குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பிரிச்செடுக்க வழி கண்டுபிடிச்சாங்க. 1996-ல அமெரிக்கக் காப்புரிமையும் கிடைச்சது. ஆனா அவங்க சமாளிச்சது எதிரொலியைத்தான். நம்ம ஒன்றரை அடிச் சுவர் அலையை அப்படியே குடிச்சிடுமே, அதுக்கு ஒரே மருந்து, சுவரைத் தாண்டி வயரை இழுக்கிறது.

கடையில கேட்டா முதல்ல ரிப்பீட்டரைத்தான் எடுத்து நீட்டுவாங்க. அது முன்னால இருந்து வர்றதைக் காதுல வாங்கி, திரும்பப் பின்னால சொல்லும். ஒரே அலைவரிசையில கேட்கிறதும் சொல்றதும்னா வேகம் பாதியாயிடும். அதுவும் நல்லா காதுல விழுற இடத்துல வச்சாத்தான். அடுப்படியில வச்சா அதுக்கே ஒண்ணும் கேட்காது, நமக்கு என்னத்தைச் சொல்லும்?

அதனால நான் செஞ்சது இது. முழுச் செம்புல செஞ்ச கேட் 6 கேபிள் வாங்கினேன். (அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசினதும் கடையில இருக்கும். கேட்டு வாங்குங்க.) இந்த கேபிள் நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும், நம்ம வீடு முப்பது மீட்டர்கூட இல்ல. உத்திரத்தை ஒட்டி ஓட்டி, நடுவுல வானம் பார்த்த இடத்துல மட்டும் பிளாஸ்டிக் பைப்புக்குள்ள விட்டாச்சு. பரண்ல கிடந்த பழைய ரூட்டரை அடுப்படிக்கு வெளியே மாட்டியாச்சு.

பழைய ரூட்டர்ல மாத்த வேண்டியது நாலே நாலு:

1. அதோட முகவரி. முன்னால இருக்கிறது 192.168.1.1-னா, இதுக்கு 192.168.1.2.

2. டி.எச்.சி.பி.-யை நிறுத்திடணும். போனுக்கெல்லாம் கதவு எண் கொடுக்கிற வேலை அது. ஒரே தெருவுக்கு ரெண்டு பேர் எண் போட்டா தபால் என்னாகும்?

3. ரெண்டுலயும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. போன் தானா மாறிக்கும். ஆனா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல சேனல் வேற வேற. முன்னால 1, பின்னால 11.

4. கேபிளை லேன் ஓட்டையில சொருகணும், வான் ஓட்டையில இல்ல. (புது ரூட்டர்னா 'ஆக்சஸ் பாயின்ட்'னு ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டா பெரும்பாலும் அதுவே எல்லாத்தையும் பார்த்துக்கும்.)

இரும்பு பீரோவுக்குப் பின்னால ரூட்டரை வைக்காதீங்க, இரும்பு அலையைத் திருப்பி அனுப்பிடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான் வேலை செய்யும், கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும்.

எல்லாம் முடிச்ச மறுநாள் மதியம் அக்கா கூப்பிட்டா. அம்மா போனை உப்பு ஜாடியில சாய்ச்சு வச்சுட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல அடுப்படிக் கதவைச் சாத்தற சத்தம் கேட்டது. ஒன்றரை மணி நேரம். என்ன பேசினாங்கன்னு நான் கேட்டுக்கல. அன்னைக்குச் சாப்பாடு ரெண்டரை மணிக்குத்தான், குழம்பு சுண்டிப் போயிருந்தது. அப்பா மட்டும், "அடுப்படியில ரூட்டர் எதுக்குடே?"ன்னு கேட்டாங்க. "சிக்னல் சரியா வரலப்பா"ன்னேன்.

பி.கு.: ரெண்டு ரூட்டருக்கும் ஆளுக்கொரு சின்ன யு.பி.எஸ். வாங்கிடுங்க. ஒண்ணு அணைஞ்சாலும் அடுப்படிக்கு வராது. அப்புறம், 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல... ரூட்டரையும் பிளக்கையும் தரையில வைக்காம ஆள் உயரத்துக்கு மேலேயே மாட்டுங்க. அலைக்கும் அதுதான் நல்லது.