பின் வீலும் திரும்பும்

சூலக்கரைப் பட்டறைக்கு வரும் டிரைவர்கள் முன் வீலைத்தான் காட்டுவார்கள். "அண்ணே, வண்டி லெஃப்ட்ல இழுக்குது." நான் டேப்போடு பின்பக்கம் போய்ப் படுப்பேன். ஸ்பிரிங் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்தோ, டார்க் ராடு புஷ் தேய்ந்தோ, ஆக்சிலின் வலது முனை ஒரு சென்டிமீட்டர் பின்னே தள்ளியிருக்கும். அது போதும். வால் வலப்பக்கம் போகப் பார்க்கும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். சாத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஸ்டீயரிங்கை எதிர்த்துப் பிடித்தே கை கடுத்துவிடும். ஹேங்கர் பின்னிலிருந்து ஹப் வரை இரு பக்கமும் அளந்தால் குட்டு உடையும். அதற்கும் முன்னால் டயரை உள்ளங்கையால் தடவலாம்: ஒரு திசையில் வழுவழு, எதிர்த்திசையில் ரம்பப் பல்.

இதுவும் ரியர் ஸ்டீயரிங்தான்; யாரும் கேட்காமல் வந்தது.

கூடுதல் பட்டை போடச் சொல்லும் ஓனர்களிடம் எனக்கு ஓயாத வழக்கு. சேசிஸ் உயரும், பட்டையின் முன் கண் ஆக்சிலைவிட மேலே போகும். வளைவில் லோடு சாயும் பக்கத்துப் பட்டை அமுங்க, ஆக்சிலின் அந்த முனை பின்னே நகர்ந்து வாலை வெளியே தள்ளும். சிவகாசியில் தார்ப்பாய் முட்ட அட்டைப்பெட்டி அடுக்கிய வண்டிக்கு இது ஆகவே ஆகாது. அந்த லோடில் எடையைவிட உயரம்தான் பயம்.

வேண்டுமென்றே பின் வீலைத் திருப்பும் வித்தையைக் காற்றாலை இறகு ஏற்றிப் போகும் டிரெய்லர்களில் பார்க்கலாம். குறுகிய திருப்பத்தில் பின் வீல்கள் முன் வீலுக்கு எதிராகத் திரும்பும். நீள வால் உள்ளே வெட்டாமல் வரும். அதே எதிர்த்திருப்பம் வேகத்தில் வந்தால் வண்டி சுழன்றுவிடும். வேகத்தில் பின் வீல் முன் வீலின் பக்கமே கொஞ்சம் திரும்ப வேண்டும், இல்லையேல் நேராகப் பூட்டிக் கிடக்க வேண்டும். 1987-இல் ஹோண்டா பிரெலூட் கார் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே செய்தது: ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் பின் வீலும் அதே பக்கம், நிறையத் திருப்பினால் எதிர்ப்பக்கம்.

லாரிக்கு வருவோம். 2018-இல் இரட்டை ஆக்சிலுக்கு அனுமதித்த எடை 19 டன்னிலிருந்து 21 டன் ஆனது. திரும்பாத இரண்டு ஆக்சில்கள் வளைவில் டயரைத் தரையில் தேய்க்கின்றன. எடை ஏற ஏறத் தேய்மானமும் ஏறும். தானாகத் திரும்பும் கடைசி ஆக்சில் இதற்கு நல்ல மருந்து. அதன் வீல், தான் திரும்பும் அச்சாணியான கிங் பின்னுக்குப் பின்னால் தள்ளி இருப்பதால், வண்டி போகிற போக்கிலேயே வளையும். ரிவர்ஸில் அதே அமைப்பு குப்புறத் தள்ளும்; வீல் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். அதனால் லாக் விழுந்த பிறகுதான் ரிவர்ஸ். கிளீனரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்பேன். இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் கிளீனரே இல்லை.