பெயரா, வினையா என்று கேளுங்கள்

லண்டனிலிருந்து ஊர் உறவுகளுக்கு,

இந்தக் கிழமை நடந்த ஒரு சங்கதி என் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து இங்கே படிக்க வந்த பொடியன் ஒருவன் பின்னேரங்களில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கொப்பி, பேனை, என்வலப் அடுக்கியிருக்கும் தட்டுக்கு மேலே ஒட்டுவதற்கு 'ஸ்டேஷனரி' என்று ஓர் அட்டை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி 'ஆர்' எழுத்துக்கு முன்னால் 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' எழுதிவிட்டான். 'ஈ' என்றால் எழுதுபொருள். 'ஏ' என்றால் அசையாமல் நிற்பது. மேலாளர் வாடிக்கையாளர் முன்னாலேயே அட்டையைக் கிழித்துப்போட்டு, "உங்கள் ஊரில் ஆங்கிலமே படிப்பிப்பதில்லையா?" என்று கேட்டிருக்கிறார். இரவு தொலைபேசியில் இதைச் சொல்லும்போது பிள்ளைக்குத் தொண்டை அடைத்தது.

எங்கள் ஊரில் ஆங்கிலம் படிப்பிப்பதில்லையாம்! வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் புளியந்தீவில் வந்து இறங்கியது 1814இல். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அடுத்த வருஷமே அவர் மட்டக்களப்பு மண்ணிலேயே இறந்தும் போனார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவர். இருநூறு வருஷத்துக்கு மேலாக ஆங்கிலம் படிக்கும் ஊர் எங்களுடையது.

சரி, அந்த அட்டைக்கு வருவோம். அந்தப் பொடியன் குழம்பியதற்குக் காரணம் லண்டனிலேயே இருக்கிறது. பழைய காலத்தில் இங்கே சுவடி விற்றவர்களில் பலர் தெருத் தெருவாக அலைந்தவர்கள். ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டிருந்தவரை, 'நிற்பவர்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லால் 'ஸ்டேஷனர்' என்றார்கள். அவர்கள் 1403இல் சங்கம் அமைத்தார்கள். 1557இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. புனித பவுல் பேராலயத்துக்குப் பக்கத்தில் அவர்களின் மண்டபம் இன்றைக்கும் இருக்கிறது. அசையாமல் நிற்பதும் எழுதுபொருளும் ஒரே வேரில் முளைத்தவை. பிள்ளை எழுதியது சரியான வேர், பிழையான கிளை.

இப்படிப் பிரிந்த சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய. கோதுமை மாவுக்கும் பூவுக்கும் ஒரே உச்சரிப்பு. மாவு என்பது தானியத்தின் 'பூ', அதாவது மிகச் சிறந்த பகுதி என்றுதான் அந்தப் பெயரே வந்தது. 1755இல் சாமுவேல் ஜோன்சன் அகராதி வெளியிட்டபோதுகூட இரண்டையும் வேறு எழுத்தாகப் பிரிக்கவில்லை. கல்லூரி அதிபரைக் குறிக்கும் 'பிரின்சிபல்', கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' இரண்டும் 'முதன்மை' என்ற ஒரே லத்தீன் மூலத்திலிருந்து வந்தவை. எழுவான்கரை, படுவான்கரை என்று நாம் இரண்டு பெயர் சொன்னாலும் நடுவில் கிடப்பது ஒரே வாவிதானே!

பெயராகவும் வினையாகவும் பிரியும் இரட்டைச் சொற்களுக்கென்று இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு விதி இருக்கிறது. அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஊரிலுள்ள பிள்ளைகளுக்கும் உதவும். 2014இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் குழப்பச் சொற்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதில் முதலில் நிற்பவை 'அட்வைஸ்', 'டிவைஸ்', 'லைசன்ஸ்', 'பிராக்டிஸ்' போன்றவை. பெயர்ச்சொல்லானால் கடைசியில் 'சி, ஈ'. வினைச்சொல்லானால் 'எஸ், ஈ'. சாரதி அனுமதிப்பத்திரத்தில் 'சி' எழுத வேண்டும். மதுச்சாலை வாசலில் 'விற்க அனுமதிக்கப்பட்டவர்' என்று எழுதினால் அது வினையிலிருந்து வந்தது, ஆகவே 'எஸ்'. சந்தேகம் வந்தால் 'அட்வைஸ்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அறிவுரை என்ற பெயருக்கு 'ஸ்' ஒலி, அறிவுரை சொல் என்ற வினைக்குத் தொண்டை அதிரும் 'இசட்' ஒலி. அந்த ஒலிக்கு 'சி' எழுத முடியாது, ஆகவே வினைக்கு 'எஸ்'. 'டிவைஸ்' என்ற சொல்லிலும் இப்படித்தான். ஆனால் 'லைசன்ஸ்', 'பிராக்டிஸ்' இரண்டிலும் காதுக்கு வித்தியாசமே கேட்காது. கண்ணால்தான் பழக வேண்டும்.

இந்த விதியையும் அமெரிக்கர் குழப்பிவிட்டார்கள். அவர்களுக்குப் 'பிராக்டிஸ்' என்றால் பெயருக்கும் வினைக்கும் 'சி'. 'லைசன்ஸ்' என்றால் இரண்டுக்கும் 'எஸ்'. கைப்பேசியில் அமெரிக்க ஆங்கிலம் போட்டு வைத்திருந்தால், நீங்கள் சரியாக எழுதியதையும் அது பிழை என்று மாற்றிவிடும். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதவிருக்கும் பிள்ளைகள் பயப்பட வேண்டாம். அந்தப் பரீட்சை இரண்டு வழக்கையும் ஏற்கும். ஆனால் கேட்டல் தாளில் எழுத்துப் பிழைக்குப் புள்ளி போகும் என்பதை மறக்காதீர்கள்.

இதையெல்லாம் யோசிக்க யோசிக்க எனக்குத் தமிழ்தான் ஞாபகத்துக்கு வந்தது. 'சுடு' என்பது வினை, 'சூடு' பெயர். 'கெடு', 'கேடு'. 'பெறு', 'பேறு'. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது. குறில் நெடிலானால் வினை பெயராகிறது. 'எழுது' என்பதில் ஒற்று இரட்டித்தால் 'எழுத்து'. எல்லாம் வாயில் ஒலிக்கிறது, காதில் விழுகிறது. பிள்ளை ஒழுங்காகச் சொன்னால் ஒழுங்காக எழுதும். ஆங்கிலம் இந்த உதவியைச் செய்யவில்லை. பேச்சுத் தமிழ்களுள் எழுத்துத் தமிழுக்கு மிக அருகில் நிற்பது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதியவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில். அந்தத் தமிழைக் காதாரக் கேட்கவேண்டும் என்று இங்கே சில நாட்களில் நெஞ்சு கிடந்து தவிக்கிறது. கல்லடிப் பாலத்தில் பின்னேரக் காற்றில் நின்று யாராவது "என்னகா, எப்ப வந்த?" என்று கேட்டால் போதும் என்றிருக்கும்.

ஆகவே ஊரிலுள்ள ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்த சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து நெட்டுருச் செய்விக்காதீர்கள். வாக்கியத்தில் வைத்துக் கொடுங்கள். முதல் கேள்வியாக, இந்த இடத்தில் வருவது பெயரா, வினையா என்று கேளுங்கள். 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' என்ற இரட்டையும் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலேயே பிரிந்துவிடும். இரண்டும் பெயராக வரும் இடத்தில் சொல்லின் வரலாற்றைச் சொல்லுங்கள், கதை மறக்காது. பெயரையும் வினையையும் எங்கள் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்தில் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ஆங்கில வாத்தியாரும் தமிழ் வாத்தியாரும் மாதத்தில் ஒரு பாடவேளை ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று படிப்பியுங்கள். இதற்கு அமைச்சின் சுற்றறிக்கையும் தேவையில்லை, காசும் தேவையில்லை.