கியர்த் தண்டின் ஒலியும் உணர்வும்

பொறிகளோடு நெருங்கிப் பழகுவோர்க்குக் கண்ணைக் காட்டிலும் காதும் கையுமே பெரிதும் உதவுகின்றன. தறியில் இருப்பவன் இழை அறுந்ததை ஓசையின் மாற்றத்தால் அறிகிறான். கடலோடிக்குச் சுக்கானின் அதிர்வு ஒரு செய்தி. மோட்டார் வண்டியின் சாரதியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவனே. இலங்கையிலே சுக்கான் வலப்புறம் அமைந்திருப்பதால், அவனுடைய இடக்கை கியர்த் தண்டின் குமிழில் தங்கியிருக்கும். வண்டியின் வயிற்றுக்குள் நிகழ்வனவற்றை அவனுக்கு அறிவிக்கும் நாடி அதுவே எனலாம்.

அண்மைக் காலத்தில் இத்தண்டைக் குறுக்கிப் பொருத்தும் வழக்கம் இளைஞரிடையே பரவியுள்ளது. அதன் மூலம் பந்தயத் திடலாகும். ஐக்கிய அமெரிக்காவில் 1950களின் பிற்பகுதியில் ஜோர்ஜ் ஹேர்ஸ்ட் என்பவர் ஓட்டப் பந்தயக் கார்களுக்கென உறுதியான கியர் மாற்றிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய தண்டுகள் பின்னர் தொழிற்சாலைக் கார்களிலேயே இடம்பெற்றன. யப்பானிலிருந்து 1989இல் வெளிவந்த மஸ்டா எம்எக்ஸ்-5 என்னும் சிறு கார், மணிக்கட்டை அசைத்த அளவிலே கியர் மாறும் சுகத்தை உலகெங்கும் அறியச் செய்தது. அச்சுகத்தைப் பழைய வண்டிகளிலும் பெற விழைந்தோர்க்குக் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உண்டு. வன்னியிலோ கடைசற் பட்டறையும் ஒட்டுவேலை செய்யும் கராஜுமே உண்டு.

இம்மாற்றத்தின் நுட்பம் பாடசாலை மாணவனும் அறிந்த நெம்பின் தத்துவமே. கியர்த் தண்டு ஒரு நெம்பு. அது அசையும் மூட்டு பொறுதி. பொறுதிக்கு மேலே 40 சென்ரிமீற்றரும் கீழே 4 சென்ரிமீற்றரும் கொண்ட தண்டொன்றை எண்ணிப் பார்க்கலாம். பெட்டியினுள்ளே ஒன்றரைச் சென்ரிமீற்றர் நகர்த்த, மேலே கை 15 சென்ரிமீற்றர் செல்ல வேண்டும். கீழ்ப்பகுதியை 6 சென்ரிமீற்றராக நீட்டினால் கை 10 சென்ரிமீற்றர் சென்றாற் போதும். ஆனால் எத்தனம் ஒன்றரை மடங்காகிவிடும். தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையாகக் கொடுத்தே தீர வேண்டும். மேற்பகுதியை வெட்டிக் குறுக்கினாலும் இதே கணக்குத்தான். அத்தோடு குமிழும் தாழ்ந்து கைக்கெட்டாமற் போகும்.

எத்தனத்தோடு ஓசையும் கூடுகிறது. தொழிற்சாலையில் தண்டின் மூட்டில் இறப்பர் வைக்கப்படுவது வீணுக்கல்ல. பற்சில்லுகளின் அதிர்வு அதிலே தேய்ந்து கரைகிறது. குறுந்தண்டு பொருத்துவோர் தளர்ச்சி நீங்க வேண்டுமென்று அவ்விறப்பரைக் களைந்து பித்தளையையோ உருக்கையோ இடுவர். தளர்ச்சி நீங்குகிறது, கூடவே காப்பும் நீங்குகிறது. கியர் விழும்போது 'டக்' என்று தெளிவாகக் கேட்கும். குறித்த வேகமொன்றில் தண்டே பரிவுற்றுக் 'கிர்ர்' என்று இரையும்.

இவ்வோசையின் பெறுமதியைப் பற்றி நாயாற்றுக் கரையில் ஒரு மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே எழுந்த வழக்கு சிந்திக்கத்தக்கது. முல்லைத்தீவிலிருந்து தெற்கே சிலாவத்தை, அளம்பில், செம்மலை என்று கரையோரமாகச் செல்லும் தெரு நாயாற்று நீரேரியைக் கடந்து கொக்குத்தொடுவாய், கொக்கிளாய்ப் பக்கம் போகிறது. ஒரு புறம் கடல். மறு புறம் நீரேரி. உப்புக் காற்று இரும்பைத் தின்னும் அவ்விடத்தில் பழைய காரொன்றை ஓடும் நிலையில் வைத்திருப்பதே ஒரு விரதம். அவ்விரதத்தை மேற்கொண்டவர் அம்மாமன். அவருடைய வண்டி மொறிஸ் மைனர்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளியான மொறிஸ் மைனர், இலங்கையின் நடுத்தரக் குடும்பங்களின் வண்டியாக விளங்கியது. 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதன் ஆயுளை மேலும் நீட்டின. குறுந்தண்டின் கதை இவ்வண்டியின் வரலாற்றிலேயே பொதிந்துள்ளது. 1952 முதல் வந்த 803 கன சென்ரிமீற்றர் மைனரில் கியர்த் தண்டு பெட்டியிலிருந்தே நேராக எழுந்து பிரம்புபோல் நீண்டிருந்தது. 1956இல் 948 கன சென்ரிமீற்றர் பொறியோடு வந்த மைனர் 1000இல் தண்டு பின்னே தள்ளி வைக்கப்பட்டுக் குறுகியது. அம்மாற்றத்தை அக்காலச் சாரதிகள் மகிழ்ந்து ஏற்றனர். எனவே குறுந்தண்டு இளைஞரின் புதுக்கிறுக்கு என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

முதலாம் கியரின் பாட்டை மட்டும் எந்த மாற்றமும் அடக்கவில்லை. ஏனைய கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. அவை சிறிது சிறிதாகப் பொருந்தி அமைதியாக இயங்கும். முதலாம் கியரின் பற்கள் நேரானவை. ஒவ்வொன்றும் முழு அகலத்தோடு ஒரே கணத்தில் மோதும். அதனால் எழும் ஊளையைக் கொண்டே வருவது மைனர் என்று வீட்டுக்குள் இருப்போர் சொல்லிவிடுவர். கடிலாக் கார்களில் 1928இல் அறிமுகமான ஒத்தியக்க அமைப்பு மைனரின் முதலாம் கியருக்கு இல்லை. ஓடும் வண்டியை அக்கியருக்கு இறக்க வேண்டுமாயின் கிளச்சை இருமுறை மிதித்து, இடையே பொறியின் வேகத்தைக் கூட்டி, பற்கள் ஒத்துவரும் கணத்தைக் கையால் உணர வேண்டும். மாமனின் கை அக்கல்வியைப் பெற்ற கை.

அக்கல்வி அவருக்குச் சோறு போட்டதோடு நில்லாது உயிரையும் காத்தது. 1984 டிசெம்பரில் நாயாறு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பகுதித் தமிழ் மக்கள் தம் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அவரும் முள்ளியவளைக்கு இடம்பெயர்ந்தார். 1990இல் வந்த பொருளாதாரத் தடையின் பின் வன்னியில் பெற்றோல் மருந்துபோல் துளித்துளியாகவே கிடைத்தது. சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுப் பொறியை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெயில் பொறி தட்டும், வலு குறையும். மேட்டிலும் மணலிலும் அடிக்கடி கியர் இறக்க வேண்டி வரும். இரவில் விமான அச்சத்தால் முன்விளக்கு ஏற்றுவதில்லை. வீதியைக் காணாத கண்ணுக்குப் பதிலாகக் கையும் காதும் விழித்திருந்தன. வண்டிக்குள் எழும் தேவையற்ற ஓசை ஒவ்வொன்றும் வானத்து ஓசையை மறைக்கும் திரை. குலுங்கும் கதவுக்கு அவர் துணி செருகினார். தண்டின் அடியில் பழைய தியூபின் இறப்பரைச் சுற்றினார். அமைதியான வண்டி அக்காலத்தில் ஆடம்பரம் அன்று.

போர் 2009இல் முடிந்தது. சில ஆண்டுகளில் அவர் நாயாற்றுக்கு மீண்டார். வண்டியின் பழைய பெட்டி தேய்ந்துபோகவே, இலங்கையிற் பலரும் செய்வதுபோல் யப்பானியப் பொறியும் ஐந்து கியர்ப் பெட்டியும் பொருத்தப்பட்டன. முதியோரை மாஞ்சோலையில் உள்ள மாவட்ட வைத்தியசாலைக்குக் கிளினிக் நாட்களில் ஏற்றிச் செல்வது அவருடைய முக்கிய தொழிலாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் அவ்வண்டியின் தேவை இன்னும் கூடியது.

வவுனியாவில் கராஜ் வேலை பழகிய மருமகன் விடுமுறையில் வந்து, மாமனுக்கு நன்மை செய்வதாக எண்ணி, தண்டைக் குறுக்கி உருக்குப் புஷ் இட்டுக் கொடுத்தான். அவன் வேலையில் குறை இல்லை. கியர்கள் பூட்டுத் திறப்புப்போல் துல்லியமாக விழுந்தன. ஆனால் எழுபதைக் கடந்த மாமனின் தோள் பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றத் திணறியது. பின்னிருக்கையில் இருந்த நோயாளர் இரைச்சலால் முகம் சுளித்தனர்.

"தம்பி, இது கார் ஓடுற மாதிரி இல்லை. அரவை மில்லுக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"மாமா, முந்தி உங்கட தண்டு சட்டிக்குள்ள அகப்பை மாதிரி ஆடினது. இப்ப எந்தக் கியரில நிக்கிறதெண்டு கைக்குத் தெரியுதெல்லோ?"

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. எது பெரிய உண்மை என்பதை ஒரு மாலைப்பொழுது காட்டியது. பேறுகாலப் பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு செம்மலையைக் கடக்கையில், மாமனின் உள்ளங்கையில் முன்னில்லாத ஒரு நுண்ணிய அரிப்பு ஏறியது. காதுக்கு அது எட்டவில்லை. உருக்குப் புஷ் வழியே கைக்கு மட்டும் வந்தது. அவர் வண்டியை ஓரம் கட்டிக் கீழே பார்த்தபோது, பெட்டியின் அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வடிகால் ஆணி தளர்ந்திருந்தது. ஆணியை இறுக்கி, டிக்கியில் இருந்த எண்ணெயை ஊற்றி, மெதுவாகவே வைத்தியசாலை சென்று சேர்ந்தனர். எண்ணெயின்றி ஓடியிருப்பின் போதிகைகள் இறுகி வண்டி வழியில் நின்றிருக்கும். அந்நேரத்தில் அத்தெருவில் மறு வாகனம் கிடைப்பது அரிது. இறப்பர் சுற்றிய பழைய தண்டு அச்செய்தியை விழுங்கியிருக்கும் என்பதை மாமன் தாமே சொன்னார்.

ஆயினும் அவர் குறுந்தண்டுக்குக் கட்சி மாறிவிடவில்லை. மருமகனும் தன் வெற்றியைப் பறைசாற்றவில்லை. இருவரும் சேர்ந்து தண்டை மறுபடி கழற்றினர். உருக்குக்குப் பதிலாக நைலோன் புஷ் கடைந்து இட்டனர். மேற்பகுதியை மூன்று விரற்கடை நீட்டி ஒட்டினர். இரைச்சலின் பெரும்பகுதி அடங்கியது, எத்தனம் குறைந்தது, கைக்கு வரும் செய்தி முற்றாக அறவில்லை. அவசரமாகக் கியர் மாற்றும் ஆசையை மட்டும் மாமன் மருமகனிடம் கண்டித்தார். தண்டு குறுகினாலும் ஒத்தியக்க வளையம் தன் வேலைக்கு எடுக்கும் நேரம் குறைவதில்லை. அந்நேரத்தைக் கொடாமல் தள்ளுபவன் வளையத்தையே தேய்க்கிறான்.

ஓசை என்பது இரைச்சலா செய்தியா என்பதைக் காலமும் இடமும் தீர்மானிக்கின்றன. வானத்துக்கு அஞ்சிய இரவுகளில் அடக்கப்பட வேண்டியிருந்த அதிர்வே, பிற்காலத்து மாலையொன்றில் கேட்கப்பட வேண்டியதாயிற்று. தானாகக் கியர் மாறும் வண்டிகளும் மின்கார்களும் பெருகிவரும் இந்நாளில் கியர்த் தண்டே அருங்காட்சியகப் பொருளாகலாம். அப்போதும் பொறியை ஆள்பவனுக்கு அதன் நோவை அறிவிக்க ஏதேனும் ஒரு வழி வேண்டும். முற்றிலும் மௌனமான பொறி சுகமானதே. அதன் நோவைச் சொல்ல அதற்கு வாயில்லை என்பதையும் அதைச் செய்வோர் நினைவிற் கொள்ளுதல் நன்று.