வனத்தில் ஒரு குளியல்
(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்)

திருச்சியில் இரவு முழுவதும் உறங்காத இடம் எது என்று யாரைக் கேட்டாலும் காந்தி மார்க்கெட் என்றுதான் சொல்வார்கள். ஊர் அடங்கிய பிறகுதான் லாரிகள் வந்து நிற்கும், மூட்டைகள் இறங்கும், "ஓரம் போ, ஓரம் போ!" என்ற குரல் விடியும்வரை ஓயாது. அதைச் சுற்றியுள்ள சந்துகளில் வசிக்கும் தோழியர் நாங்கள் ஐவர். எங்களில் இருவரின் தந்தையர் காய்கறிக் கடை வைத்திருக்கிறார்கள். ஒருத்தியின் தந்தை மூட்டை தூக்குகிறார். ஒருத்தியின் தாயார் பூக் கட்டி விற்கிறார். இன்னொருத்தியின் அண்ணன் வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். செப்டம்பர் மாதம்வரை நாங்கள் அறுவராக இருந்தோம். அதைப் பிறகு சொல்கிறோம்.

நவம்பர் மாதக் கடைசியில் பத்தாம் வகுப்புக்குத் தியான நாள் வைப்பது எங்கள் பள்ளியின் வழக்கம். இம்முறை சிஸ்டர், "தியானம் மண்டபத்தில் இல்லை. ஸ்ரீரங்கத்தைத் தாண்டி மேலூர்க் காட்டுக்குப் போகிறோம். வனக்குளியல்!" என்றார். குளியல் என்றதும் எங்களில் ஒருத்தி மறுநாள் துண்டும் சோப்பும் மாற்றுடையும் கொண்டுவந்துவிட்டாள். வேன் முழுவதும் ஒரே சிரிப்பு. (இதை மட்டும் எழுதாதீர்கள் என்று கெஞ்சினாள். மன்னித்துக்கொள், தோழி. துண்டு இல்லாமல் இந்தக் கதை முடியாது.)

வனக்குளியலில் தண்ணீருக்கு வேலையில்லை. ஜப்பானியர் இதை 'ஷின்ரின் யோகு' என்கிறார்கள். நகரத்து மக்கள் காட்டுக்குள் மெல்ல நடந்தும் உட்கார்ந்தும் இளைப்பாற வேண்டும் என்பதற்காக 1982ஆம் ஆண்டில் அந்நாட்டு வனத்துறை இப்பெயரை வழங்கியது. மரங்கள் பூச்சிகளிடமிருந்தும் கிருமிகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களைக் காற்றில் கலக்கின்றனவாம். அவற்றைச் சுவாசிப்போரின் உடலில் நோயை எதிர்க்கும் அணுக்கள் எப்படிச் சுறுசுறுப்படைகின்றன என்பதை டோக்கியோ மருத்துவர் சிங் லீ ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வேப்பங்காற்று நல்லது என்று எங்கள் பாட்டிமார் ஆராய்ச்சி செய்யாமலே சொல்லிவிட்டார்களே என்று நாங்கள் சிஸ்டரிடம் பெருமையடித்துக்கொண்டோம்.

ஜப்பானில் அது இலையுதிர் காலத்தின் கடைசி. மரமெல்லாம் சிவந்து உதிருமாம். எங்கள் ஊரில் இலை உதிர்வதோ மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம், மழைக்குளிர் காலம். ஆகவே நாங்கள் கண்டதெல்லாம் பச்சை, பச்சை, பச்சைதான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது மேலணைக் காப்புக்காடு. அதிலேதான் 2015ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. முதல்நாள் மழையில் நனைந்த மண் காலடியில் மெத்தென்றிருந்தது.

சிஸ்டர் சொன்ன விதிகள் சில. ஆளுக்கொரு இடம். ஒரு மணி நேரம். பேசக்கூடாது, எழுதக்கூடாது, ஜெபமாலைகூட வேண்டாம். கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

முதல் பத்து நிமிடம் எறும்புக்கும் கொசுவுக்குமே சரியாய்ப் போயிற்று. பிறகு இலையிலிருந்து இலைக்குத் துளி சொட்டும் ஓசை கேட்டது. எங்கேயோ ஒரு செம்போத்து அடித்தொண்டையில் கூப்பிட்டது. கடைக்காரர் மகள் ஒரு கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்றைக் கண்டாள். மார்க்கெட்டில் அப்படிப் புழு இருக்கும் கட்டை அவள் தந்தை ஒதுக்கிப்போடுவாராம். கறுப்புச் சிறகில் வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக அமைந்த வண்ணத்துப்பூச்சி ஒன்று எங்கள் தலைக்குமேல் பறந்து போனது. அது அந்தப் புழுவின் வளர்ந்த உருவம் என்று சிஸ்டர் பிறகுதான் சொன்னார். எத்தனை வண்ணத்துப்பூச்சிகளை அப்பா குப்பையில் போட்டிருப்பாரோ என்று அவள் கணக்குப் பார்த்தாளாம்!

அரைமணி ஆனதும் அமைதி பாரமாகிவிட்டது. ஒருவரையொருவர் திரும்பிப் பார்க்கத் தொடங்கினோம். யாராவது இருமினால்கூடப் போதும் என்றிருந்தது. அப்போதுதான் அவளைப் பார்த்தோம்.

அவள்தான் ஆறாமவள். காலாண்டுக் கணக்குத் தேர்வில் நாங்கள் ஐவரும் ஒரு துண்டுக் காகிதத்தைக் கைமாற்றினோம். மறுநாள் ஆசிரியை அவளை நேராகக் கேட்டபோது அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் மதிப்பெண் பூஜ்யமாயிற்று. அன்று மாலையே அவளோடு காய் விட்டோம். பத்தாம் வகுப்பு மாணவிகள் காய் விட்டதாக எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இரண்டு மாதமாக அதே சந்து வழியாக எங்களுக்கு இருபதடி பின்னால் தனியாக நடந்து வந்தாள். அவள் 'பேனா இருக்கிறதா' என்று கேட்டாலும் நாங்கள் சுவரைப் பார்ப்போம்.

அன்று ஒரு புங்கமரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது பேரில் நன்றாக மௌனம் காத்தவள் அவள்தான். நாங்கள்தான் அவளைப் பழக்கியிருந்தோம்! எங்களால் ஒரு மணி நேரம் தாங்க முடியாததை அவளுக்கு இரண்டு மாதம் கொடுத்திருந்தோம். இப்படி நினைத்தது ஒருத்தி மட்டுமல்ல. பின்னர் பேசிப் பார்த்தபோது ஐவரும் ஏறக்குறைய இதையே நினைத்திருக்கிறோம்.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் வேனை நோக்கி ஓடினோம். அவள் கடைசியாகத் தொப்பலாக நனைந்து வந்து, வழக்கம்போல் பின்வரிசை மூலையில் உட்கார்ந்தாள். யார் முதலில் பேசுவது? எங்களுக்குள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டோம். கடைசியில் துண்டுக்காரிதான் எழுந்து போனாள்.

"இந்தா, தலையைத் துவட்டிக்கோ. சளி பிடிக்கும்."

அவள் துண்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சோப்பு எங்கேடி?" என்றாள்.

காவிரிப் பாலம் வரும்வரை வேனில் சிரிப்பும் அழுகையும்தான். மன்னிப்பும் கேட்டோம். அந்தப் பேச்சை இங்கே எழுதுவதாக இல்லை. காகிதத்துண்டு விஷயம் ஆசிரியைக்குத் தெரியும். காய் விட்ட விஷயம் சிஸ்டருக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

திங்கட்கிழமை காலை மார்க்கெட் சந்தில் நாங்கள் வரிசையாக நடந்து வந்தோம். எதிரே தக்காளிக் கூடையோடு வந்த ஒரு பெரியவர், "ஓரம் போங்க பாப்பா! ஆறு பேரும் சேர்ந்து ரோட்டையே அடைச்சுக்கிட்டா எப்படி?" என்று அதட்டினார்.